கடிகாரப் பெட்டியில் வந்த அமெரிக்கா

அமெரிக்காவைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் உண்டு. கேட்டவர்களுக்கும் சொல்லுவேன், கேட்காதவர்களுக்கும் சொல்லுவேன். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் என் கடைக்குச் சுவர்க் கடிகாரமோ விளக்குச் சிமினியோ வாங்க வந்தவர்கள், அமெரிக்க ஜனாதிபதியைப் பற்றி நாலு வார்த்தை கேட்டுக்கொள்ளாமல் திரும்பியது கிடையாது. "கடியாரத்துக்கு வாரத்துக்கு ஒருக்கா சாவி குடுக்கணும். அண்ணாச்சிக்கு அதுவும் வேண்டாம், தானே ஓடுவாரு" என்று கடைத்தெருவில் கேலி பேசுவார்கள். பேசட்டுமே. பேசினவர்கள்தான் மறுநாளும் வந்து கேட்டார்கள்.

நான் அமெரிக்காவைப் பார்த்ததில்லை. தூத்துக்குடிக் கடலையே எண்ணி இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன். இங்கிலீஷும் தெரியாது. பிறகு அபிப்பிராயம் எங்கிருந்து வந்தது என்றால், பெட்டியில் வந்தது. அந்தக் காலத்தில் நான் விற்ற சுவர்க் கடிகாரங்கள் அமெரிக்காவில் செய்தவை. கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, ரயிலேறி, மாட்டுவண்டியில் என் கடை வாசலுக்கு வரும். பெண்டுலத்துக்கும் கண்ணாடிக்கும் அடிபடாமல் இருக்க உள்ளே வைக்கோலும் அந்த ஊர்ப் பழைய பத்திரிகைகளும் கசக்கித் திணித்திருப்பார்கள். மற்றக் கடைக்காரர்கள் அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டார்கள். என் வீட்டில் அதை இஸ்திரி போட்டார்கள்.

இஸ்திரி போட்டது என் மனைவி. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இங்கிலீஷ் வாசித்தால் மழை பெய்கிற மாதிரி வாசிப்பாள். கடைக்குப் பின்கட்டில்தான் எங்கள் வீடு. கல்யாணமான புதிதில் ஒரு பெட்டியைப் பிரித்தபோது, கசங்கிய காகிதம் ஒன்றை எடுத்து விரித்தவள் நின்ற இடத்திலேயே வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். அடுப்பில் குழம்பு தீய்ந்தது. அன்றைக்கு நான் கோபப்பட்டேன் என்றாலும், என்ன போட்டிருக்கிறது என்று கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வியோடு ஆரம்பித்தது எங்கள் வீட்டுக்குள் அமெரிக்கா. மத்தியானம் சாப்பிட்டுக் கடையில் ஆள் இல்லாத நேரத்தில், நான் கடிகாரங்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பேன், அவள் கரிப்பெட்டியால் காகிதத்தை நீவிவிட்டுத் தமிழில் சொல்லிக்கொண்டே போவாள்.

அந்த ஊரில் ராஜா இல்லை. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ஒருத்தரைப் பிடித்து உட்கார வைக்கிறார்கள், பிடிக்காவிட்டால் இறக்கிவிடுகிறார்கள். உட்கார்ந்திருக்கிறவரை மடையன் என்று பத்திரிகையில் அச்சடிக்கலாம். அச்சடித்தவன் சாயங்காலம் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுகிறான். இதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊரில் அது சுதேசிப் பேச்சுக்கு ஆட்களை உள்ளே தள்ளிக்கொண்டிருந்த சமயம். நான் கடையில் உட்கார்ந்து, "ராசா இல்லாம ஒரு ராச்சியம் நடக்குதுல்லா" என்று சத்தமாகச் சொன்னால், கேட்கிறவர் வாசலைத் திரும்பிப் பார்ப்பார். "பையப் பேசும் வே. எவனாவது போட்டுக் குடுத்துரப் போறான்" என்பார். "நான் அமெரிக்காவைத்தானே சொல்லுதேன், இங்கிலாந்தையா சொன்னேன்?" என்பேன். அதற்கு என்ன சட்டம் போடுவார்கள்?

அந்த ஊர்க்காரர் ஒருவர் ஜனாதிபதி வேலைக்கு மூன்று தடவை நின்றார். குடியானவர்களுக்காகப் பேசுகிறவர், வாய்ச்சாலகர். நான் அவர் கட்சி. மூன்றாவது தடவையும் தோற்றுப்போனார். ஆனால் தோற்ற சேதி வந்த பெட்டி எங்களுக்கு ஒன்றரை வருஷம் கழித்துத்தான் வந்தது. அதுவரைக்கும் பாளையங்கோட்டையில் அவர் தோற்கவில்லை.

குடிக்கக் கூடாது என்று அந்த ஊரில் சில மாகாணங்களில் சட்டம் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு தடவை வாசித்தாள். நான் கள்ளைத் தொட்டுப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தச் சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. மனுஷன் வாய்க்குள் என்ன போகிறது என்று சர்க்கார் எட்டிப் பார்த்தால், நாளைக்கு வாயிலிருந்து என்ன வருகிறது என்றும் எட்டிப் பார்க்கும். இதைச் சபையில் சொல்லி, குருவானவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என் அபிப்பிராயம் ஒன்றே ஒன்றுதான் எனக்கே வினையாக முடிந்தது. அந்த ஊரில் சில இடங்களில் பெண்களும் ஓட்டுப் போடுகிறார்கள், கோர்ட்டில் ஜூரியாகக்கூட உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவள் வாசித்தாள். நான் எண்ணெய்த் துணியை உதறிக்கொண்டே, "பொம்பள ஓட்டுப் போடப் போனா வீட்டுல சோறு யாரு பொங்குவா?" என்றேன். அவள் காகிதத்தை மடித்தாள்.

"சரி. நான் சோறு பொங்குதேன். நீங்க வாசிச்சுக்கோங்க" என்றாள்.

அவ்வளவுதான், அமெரிக்கா ஊமையாகிவிட்டது. பெட்டி வந்தது, காகிதம் வந்தது, இஸ்திரிகூடப் போட்டு மேஜைமேல் வைத்தாள். வாசிக்கத்தான் மாட்டேன் என்றுவிட்டாள். நான் அந்த எழுத்துகளை மேலும் கீழும் பார்த்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. கடைக்கு வந்தவர்கள், "என்ன அண்ணாச்சி, சனாதிபதி சௌக்கியமா?" என்று கேட்டால் இருமிச் சமாளித்தேன். பொறுக்க முடியாமல் ஒருநாள், "ஏளா, அந்த ஊர்ப் பொம்பளைங்க தாராளமா ஓட்டுப் போடட்டும். எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றேன். "உங்க ஆட்சேபணையக் கேட்டுக்கிட்டுத்தான் அவங்க காத்துக்கிட்டு இருக்காங்களாக்கும்" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை எடுத்தாள்.

இப்படியே போயிருந்தால் எல்லாம் வேடிக்கையாகப் போயிருக்கும். ஒரு மத்தியானம் அவள் வாசித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்திவிட்டாள். என்ன என்றேன். ஒரு சின்ன ஊரில் கறுப்பன் ஒருவன்மேல் குற்றம் சொல்லி ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். விசாரணை ஆரம்பிக்கவில்லை. ஊர்க்கூட்டம் ஜெயில் கதவை உடைத்து அவனை இழுத்துப்போய் மரத்தில் தொங்கவிட்டுவிட்டது. பெண்களும் பிள்ளைகளும் நின்று பார்த்தார்களாம். யார் செய்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாதாம்.

"பொய்யி" என்றேன்.

"அவங்க பத்திரிகைதான். அவங்களே போட்டிருக்காங்க."

"கறுப்பன்னா எப்படி இருப்பான்?"

"நம்மள மாதிரி இருப்பான்" என்றாள்.

அதற்குப் பிறகு எந்தப் பெட்டியைப் பிரித்தாலும் அந்த மாதிரி ஒரு சேதி எங்கேயாவது ஒரு மூலையில் இருந்தது. ராஜா இல்லாத ஊர், வாய்விட்டுப் பேசுகிற ஊர், அங்கே போய் இப்படியா? கடையில் இதை நான் சொல்லவில்லை. என் கட்சிக்கு அது இடித்தது.

மனதுக்குக் கொஞ்சம் தெம்பாக இன்னொரு பக்கம் கிடைத்தது. அதுவும் ஒரு கறுப்பன் கேஸ்தான், ஆனால் இது கோர்ட்டில் நடந்தது. பன்னிரண்டு ஜூரிகள். பதினொரு பேர் குற்றவாளி என்கிறார்கள், ஒரே ஒருவர் இல்லை என்கிறார். எல்லோரும் ஒன்றாகச் சொன்னால்தான் அங்கே தண்டனை. வெளியே கூட்டம் கத்துகிறது, உள்ளே இவர் அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை. அங்கேயே காகிதம் கிழிந்திருந்தது. மீதி அடுத்த கடிகாரத்தில் இருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. "விட்டுருப்பாங்க" என்றேன். "விட்டுத்தானே ஆகணும்" என்றாள் அவளும். அந்த முடிவை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே எழுதிக்கொண்டோம். கடைத்தெருவில் நான் அதைச் சொல்லாத ஆள் கிடையாது. "ஒத்தை ஆளு! ஒத்தை ஆளு இல்லைன்னு சொன்னாரு, ஒருத்தன் உசிரு தப்பிச்சுது வே! அதுல்லா சட்டம்!"

இந்த நிலைமையில்தான் எனக்கு ஜூரி சம்மன் வந்தது.

எங்கள் ஜில்லாவில் திருட்டு, கொள்ளை வழக்குகளுக்கு அப்போது ஜூரி உண்டு. ஐந்து பேர். சம்மன் என்றாலே மற்றவர்கள் டாக்டர் வீட்டுக்கு ஓடி வயிற்றுவலிக்குக் காகிதம் வாங்குவார்கள். நான் சம்மன் கொண்டுவந்த சேவகனை உட்கார வைத்து மோர் கொடுத்தேன். தையற்காரனிடம் கறுப்புக் கோட்டுக்குச் சொன்னேன். பெருமை என்றால் பெருமைதான், அதை மறைப்பானேன்? கடிகாரம் விற்கிறவனைக் கூப்பிட்டு, ஒரு மனுஷன் குற்றவாளியா இல்லையா என்று சொல்லு என்கிறது கோர்ட்டு. அந்தக் கிழிந்த காகிதத்து மனிதரும் நானும் ஒரே உத்தியோகம்.

செஷன்ஸ் கோர்ட்டில் ஐந்து நாற்காலி போட்டிருந்தார்கள். தலைவராக ரிட்டையரான தாசில்தார் ஒருவர். அடுத்து ஆழ்வார்குறிச்சிப் பக்கத்து மிராசுதார், குடிக்கிற தண்ணீரைக்கூட வீட்டிலிருந்து செம்பில் கொண்டுவந்தவர். அடுத்து திருநெல்வேலி ஜவுளிக்கடை முதலாளி, வாயைத் திறக்காதவர். அடுத்து மேலப்பாளையத்துத் துணி வியாபாரி, பாய் என்றே எல்லோரும் கூப்பிட்டோம். கடைசியில் நான்.

குற்றவாளிக் கூண்டில் நின்றவன் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவன். இருபத்தைந்து வயதிருக்கும். கூலிக்குப் புல்லறுக்கிறவன், வண்டிக்குப் பாரமேற்றுகிறவன். அதே ஊரில் பெரிய வீடு ஒன்றில் சுவரில் கன்னம் வைத்து நகை எடுத்துவிட்டான் என்று வழக்கு. முன்பு ஒரு தடவை ஆடு திருடி உள்ளே போய் வந்தவன் என்று கோர்ட்டில் யாரும் எங்களிடம் சொல்லவில்லை, கடைத்தெருவில் எல்லோரும் சொன்னார்கள். அப்படிப்பட்டவன் இந்தத் தடவையும் அகப்பட்டால் லேசில் விடமாட்டார்கள். தீவாந்தரம்கூடப் போடலாம். கடல் தாண்டிப் போகிறவன் திரும்பி வருவான் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

சாட்சிகள் நாள் முழுக்க வந்தார்கள். அவன் கன்னம் வைத்ததைப் பார்த்தவர் யாருமில்லை. அவன் குடிசைக் கூரையில் ஒற்றைக் கொலுசு கிடைத்தது, அது அந்த வீட்டுக் கொலுசுதான். ஆனால் முதல் தடவை அதே குடிசையை, கூரை உட்பட, பிரித்துப் பார்த்தபோது ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்த்தபோதுதான் கிடைத்தது. இடையில் அவன் போலீஸ் காவலில் இருந்தான். அவனுடைய வக்கீல் இதைக் கேட்டார், கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் அவன் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண், நிறைமாதம். நாங்கள் ஐந்து பேரும் வெளியே வந்தபோது எழுந்து நின்றாள். எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேறுபக்கம் பார்த்தேன்.

வழக்கைப் பற்றி வெளியாரிடம் பேசக் கூடாது என்று ஜட்ஜ் துரை சொல்லியிருந்தார். பெண்டாட்டி வெளியாரா? சாயங்காலம் சாப்பிடும்போது அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?" என்றாள்.

"அதான் ஏளா யோசிக்கேன். அவன் திருடன்னு எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்குமா?"

"ஆமா. ஊரே சொல்லுது."

அவள் என் இலையில் மோரை ஊற்றினாள். "அமெரிக்காவுல அந்த மரத்தடியில நின்னாங்களே, அவங்களுக்கும் எல்லாம் தெரிஞ்சுதான் இருந்துச்சு" என்றாள்.

நான் இலையிலிருந்து கையை எடுத்தேன்.

"உங்களுக்குத் தெரியுமா, அத மட்டும் பாருங்க. தெரியாததத் தெரியும்னு சொல்லிட்டு வந்து, நாளைக்கு என் மூஞ்சியில முழிக்காதீங்க" என்றாள்.

மறுநாள் மத்தியானம் எங்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். தாசில்தார் உட்காரக்கூட இல்லை. "அப்ப குற்றவாளிதான், என்ன? போயிச் சொல்லிருவமா?" என்றார். மூன்று தலை ஆடியது.

"நான் இல்லைங்கேன்" என்றேன்.

நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாக்குவாதத்துக்கு நான் வரிந்துகட்டிக்கொண்டு இருந்தேன். தாசில்தாரோ, "சரி வே, உம்ம இஷ்டம்" என்று கதவைத் திறந்தார். இவ்வளவு லேசாகவா! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்காலிக்கு வந்து உட்கார்ந்ததும், கூண்டில் நின்றவனைப் பார்த்து, இனி வீட்டுக்குப் போகலாம்லே என்கிற மாதிரி சிரித்தேன். அவனும் ஒன்றும் புரியாமல் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றும்.

தாசில்தார் எழுந்து, நாலு பேர் குற்றவாளி என்கிறோம், ஒருவர் இல்லை என்கிறார் என்றார். துரை பேனாவை எடுத்தார். அப்போதுதான் பக்கத்தில் நின்ற குமாஸ்தா என் காதில் சொன்னார், ஐந்தில் மூன்று பேர் சொன்னால் போதும், அதுவே தீர்ப்பு என்று.

தூக்கிவாரிப் போட்டது. எழுந்து நின்றுவிட்டேன். "அய்யா, நான்தான் இல்லைன்னு சொல்லுதேனே! ஒரு ஆளு ஒத்துக்கிடலன்னா எப்படித் தண்டிக்கது?"

துரை, எந்தச் சட்டத்தில் அப்படி இருக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

"அமெரிக்காவுல" என்றேன்.

கோர்ட்டே சிரித்தது. வக்கீல்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். வாசலில் நின்ற சேவகன் சிரித்தான், என் வீட்டு மோர் குடித்தவன். காது சிவக்க நின்றேன். துரை மட்டும் சிரிக்கவில்லை. இது அமெரிக்கா இல்லை என்றார். கொஞ்ச நேரம் காகிதத்தைப் புரட்டினார். பிறகு, நீங்கள் ஒருமனதாக இல்லாததால் இன்னொரு தடவை போய் யோசித்துவிட்டு வாருங்கள் என்று ஐந்து பேரையும் திருப்பி அனுப்பினார்.

அறைக்குள் போனதும் மிராசுதார் செம்பை ணங்கென்று வைத்தார். "ஏ வே, கடியாரம் விக்கதோட நிறுத்திக்கிடும். உம்ம அமெரிக்காவால என் ரயில் போகப் போவுது!"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "ரயிலு போனா நாளைக்கும் வரும். அவன் தீவாந்தரம் போனா வருவானா வே?"

"அவன் திருட்டுப் பய. ஊருக்கே தெரியும்" என்றார் தாசில்தார்.

அந்த வார்த்தை என் மனைவியின் வார்த்தையைக் கிளப்பிவிட்டது. இத்தனை வருஷம் கடையில் சொல்லாமல் அமுக்கி வைத்திருந்ததை அந்த அறையில் சொன்னேன். கதவை உடைத்தது, மரத்தில் தொங்கவிட்டது, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டியது, எல்லாவற்றையும். "அவங்களுக்கும் எல்லாம் தெரியும்னுதான் சொன்னாங்க. கோர்ட்டு எதுக்கு, சாட்சி எதுக்கு, எங்களுக்குத்தான் தெரியுமேன்னு கயித்த எடுத்தாங்க. நாம கயித்துக்குப் பதிலா நாற்காலியில உட்கார்ந்து அதையேதான் சொல்லுதோம். அவன் எடுத்தானோ இல்லையோ, எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? தெரியும்னா கர்த்தர் அறியச் சொல்லுங்க!"

தாசில்தார் சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். ஜவுளிக்கடைக்காரர் சுவரைப் பார்த்தார். அதுவரை தாடியை நீவிக்கொண்டிருந்த பாய் தொண்டையைச் செருமினார்.

"மொதத் தடவ தேடுனப்ப இல்ல. ரெண்டாந் தடவ இருந்துச்சு. எடையில என்ன நடந்துச்சுன்னு அல்லாவுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது. தெரியாம ஒரு பயலக் கடல் தாண்டி அனுப்பிட்டு, மறுமையில நான் என்ன பதில் சொல்லுவேன்? நானும் இல்லைங்கேன், எழுதிக்கிடுங்க."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் ஒரே ஒருவர் வேண்டும். ஜவுளிக்கடைக்காரரின் முகத்தைப் பார்த்தேன், கெஞ்சாத குறையாகப் பார்த்தேன். அவர் சுவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூன்றுக்கு இரண்டு என்று போய்ச் சொன்னோம்.

துரை ரொம்ப நேரம் எழுதினார். பிறகு, மூன்று பேர் சொன்னதில் எனக்குச் சம்மதமில்லை, வழக்கை மதராஸ் ஹைக்கோர்ட்டுக்கு அனுப்புகிறேன், முடிவு அங்கே என்றார். சிரித்த வக்கீல்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கூண்டில் நின்றவனை மறுபடி ஜெயிலுக்கு அழைத்துப் போனார்கள். வேப்பமரத்தடியில் அந்தப் பெண் என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, விட்டுட்டாகளா, புடிச்சிட்டாகளா?"

"ரெண்டும் இல்ல தாயி. மதராசுக்குக் காயிதம் போவுது" என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை. எனக்கே முழுசாக விளங்கவில்லை.

கடைத்தெரு என்னை விடுமா? "அமெரிக்கா ஜட்ஜய்யா வாராரு, வழி விடுங்கலே" என்று சின்னப் பயல்கள்வரை சொன்னார்கள். தாசில்தார் வீட்டுக் கடிகாரம் நின்றுபோனதாகக் கேள்விப்பட்டேன், சரிபார்க்க என்னைக் கூப்பிடவில்லை. நான் கவலைப்படவில்லை. கோட்டை மடித்துப் பெட்டியில் வைக்கும்போது என் மனைவி அதைத் தடவிக் கொடுத்தாள். "துரை முன்னால எழுந்து நின்னீங்களாமே. நெசமா?" என்றாள். "நெசந்தான்" என்றேன். "கால் நடுங்குச்சா?" என்றாள். "நடுங்காம?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் காகிதம் வாசிக்க உட்கார்ந்த போதெல்லாம், மதராசிலிருந்து என்ன வரும் என்ற நினைப்புதான். அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது என்று தெரிந்து, என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவன் ஜெயிலில்தான் இருந்தான்.

ஆற்றில் கார்த்திகை வெள்ளம் வடிந்த பிறகு சேதி வந்தது. ஹைக்கோர்ட்டு அவனை விட்டுவிட்டது. சாட்சி போதாது என்று சொல்லிவிட்டார்களாம். நான் கடையில் இருந்த கடிகாரம் அத்தனைக்கும் சாவி கொடுத்து ஒரே நேரத்தில் அடிக்கவிட்டேன். எதிர்க்கடைக்காரர், "என்ன வே, அமெரிக்காவுல எலெக்சனா?" என்று கேட்டார். "இல்ல வே, பாளையங்கோட்டையில" என்றேன்.

நாலைந்து நாள் கழித்து அவனே வந்தான். பெண்டாட்டி கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள். இளைத்துப் போயிருந்தான். கும்பிட்டான். கடிகாரங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, அமெரிக்கா எங்கன இருக்கு?"

"எதுக்குலே?"

"அங்கன ஒத்தை ஆளு இல்லைன்னு சொன்னாலே விட்டுருவாகளாமே. நீங்க கோர்ட்டுல சொன்னியளாம். உள்ள இருக்கும்போது எல்லாரும் அதத்தான் பேசிக்கிட்டாக. கொழும்புக்குத் தோட்ட வேலைக்கு ஆள் ஏத்துற கப்பல்ல அப்படியே அங்கயும் போயிரலாமா? இங்கன எது காணாமப் போனாலும் மொதல்ல என் கூரையத்தான் பிரிப்பாக, அண்ணாச்சி."

எத்தனை வருஷமாக நான் அடித்த தமுக்கு! ஒருத்தன் கடைசியில் அதை நம்பி, பெண்டாட்டி பிள்ளையோடு மூட்டை கட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். அவனை ஏற இறங்கப் பார்த்தேன். ஆற்று வெயிலில் புல்லறுத்துக் கறுத்த உடம்பு. அந்தக் கிழிந்த காகிதத்தின் மீதிப் பாதியில் என்னதான் இருந்ததோ, எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அந்த ஒற்றை ஆள் இல்லை என்று சொல்லி அந்தக் கறுப்பன் வெளியே வந்திருந்தாலும், வாசலில் கூட்டம் நின்றுகொண்டுதானே இருந்தது?

"போகாதலே" என்றேன்.

அவனிடமும் மரத்தைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கழுத்தைத் தடவினான்.

"அப்ப, ஒத்தை ஆளு சொன்னா விட்டுருவாகங்கது பொய்யா அண்ணாச்சி?"

"பொய்யில்லலே. அந்தச் சட்டம் அங்க இருக்கு. நல்ல சட்டம். உன்ன அதுகிட்டப் போக விடமாட்டாங்க."

அவன் முகம் விழுந்துவிட்டது. "பின்ன எந்த ஊருக்குத்தான் நான் போக?" என்றான்.

பின்கட்டு வாசலில் என் மனைவி வந்து நின்றாள். குழந்தையை அந்தப் பெண்ணின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "ஒரு ஊருக்கும் போவாண்டாம். இந்த ஊருலயே உனக்காக இல்லைன்னு சொல்ல ரெண்டு பேரு இருந்தாங்கல்லா" என்றாள்.

"ரெண்டு இல்லலே, மூணு" என்றேன் நான். "மூணாவது ஆளுக்கு அங்கன நாற்காலி போடல. இந்தா, உன் பிள்ளைய வச்சுக்கிட்டு நிக்காள்ல, இவதான். இவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தா, நீ அன்னைக்குச் சாயங்காலமே வீட்டுக்குப் போயிருப்ப."